மூன்றாவது அறையின் மதிப்பு

பம்பாய் வடாலாவில் வாடகை வீட்டில் பத்து வருடமாகப் பால்கனியில் படுத்து எழுந்துகொண்டு, அதை அறை என்று நம்பியவன் நான். இந்த லட்சணத்தில்தான் வீடுகளை மதிப்பிடும் பரீட்சையை எழுதினேன். மூன்றாவது தடவையில்தான் தேறினேன். நான் சொல்லாவிட்டால் இதை என் மனைவி சொல்லிவிடுவாள்.

தேறினால் மட்டும் போதாது. பதிவு பெற வேண்டுமானால், மூத்த மதிப்பீட்டாளர் ஒருவர் அனுபவக் கடிதம் தர வேண்டும். மாட்டுங்காவில் நான் வேலை கற்றுக்கொண்ட பெரியவரின் மேஜைமேல் என் கடிதம் தயாராகக் கிடந்தது. அவர் கையெழுத்துதான் பாக்கி. அன்று மாலையே மகள் வீட்டுக்கு ரயில் ஏறுகிறார். திரும்பிவர இரண்டு மாதம். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மின்விசிறியை இரண்டு தடவை நிறுத்திப் போட்டேன்.

அவர் என் கடைசி அறிக்கையைப் புரட்டினார். செம்பூரில் பழைய குடியிருப்பு ஒன்று, மூன்றாம் மாடி வீடு. படுக்கையறை மூன்று என்று எழுதியிருந்தேன்.

"என்னய்யா இது? கார்ப்பரேஷன் பாஸ் பண்ணின பிளான்ல ரெண்டு பெட்ரூம்தானே இருக்கு? மூணாவது எங்கேர்ந்து வந்தது?"

"கட்டில் கெடந்துச்சு சார். டிவி ஓடிச்சு. கர்ட்டன்கூட..."

"கட்டில் போட்டா ரூமா? பிளாட்பாரத்துலயும்தான் கட்டில் போடறான். கிரில் அடிச்சு மூடின பால்கனிய்யா அது!"

என் வீட்டு 'அறை'யின் மூன்று பக்கமும் ஏன் கம்பியாக இருக்கிறது என்பது அந்தக் கணம்தான் எனக்கு விளங்கியது. பம்பாயில் பால்கனியைப் பால்கனியாக விட்டுவைத்தவன் எவன் என்று வாதாடிப் பார்க்கலாமா என யோசித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"திருத்தி எழுதி, வீட்டுக்காராகிட்ட கையெழுத்து வாங்கிண்டு அஞ்சு மணிக்குள்ள வா. அப்புறம் உன் லெட்டரைப் பார்க்கலாம்."

கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறி, வடாலாவில் வண்டி மாறினேன். நான் காலை ஆட்டிய ஆட்டத்தில் பக்கத்து இருக்கைக்காரர், "ஆராம் சே, பாய்" என்று நிதானமாக இருக்கச் சொன்னார். ஆராமாவது!

செம்பூர் வீட்டில் கதவைத் திறந்த வீட்டுக்கார அக்கா சிரித்தார். போன தடவை காப்பியும் முறுக்கும் தந்தவர். திருத்திய தாளை நீட்டினேன்.

"ஒரே ஒரு கையெழுத்துக்கா. அந்த மூணாவது ரூம் ரூமே இல்லையாம். பால்கனியாம்."

சிரிப்பு நின்றது. தாளைத் தொடாமல், சாத்தியிருந்த அந்த மூன்றாவது அறையின் கதவைக் காட்டினார்.

"உள்ள எங்க மாமனார் படுத்திருக்காரு தம்பி, நீங்களே எழுப்பிச் சொல்லுங்க."