நடுவில் ஆடுபவளுக்குத் தைத்த பாவாடை

அகலமான பாவாடை அணிந்து படியிறங்க ஒரு முறை இருக்கிறது. துணியைக் கைநிறைய அள்ளக் கூடாது. மேல்பாவாடையையும் அதற்குள் இருக்கும் உள்பாவாடையையும் சேர்த்து இரண்டு விரலால் பிடித்து, பாதத்தின் நுனி தெரியும் அளவுக்கு மட்டும் தூக்க வேண்டும். மேலே இருப்பதை மட்டும் தூக்கினால் உள்ளே இருக்கும் நெட் துணி காலைச் சுற்றிக்கொள்ளும். குனிந்து பார்க்கவும் கூடாது. படி இருக்கும் இடம் காலுக்குத் தெரியும் என்று நம்பி இறங்க வேண்டும்.

நாற்பத்தாறு வயதில் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். அதுவரை நான் உடுத்தியவை மூன்றே வகை: அலுவலகத்துக்குப் பேண்ட், ஞாயிறு பூசைக்குச் சேலை, வீட்டில் கைலி. துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் சிறிய நிறுவனம் ஒன்றில் ரசீதும் கணக்கும் எழுதும் கிராணி வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. ஜெலுத்தோங்கில் ஒரு பிளாட்டின் ஆறாவது மாடியில் தனியாக இருக்கிறேன்.

நான் அக்கா என்று கூப்பிட்டவள் உடன்பிறந்தவள் இல்லை. அதே மாடியில் மூன்று வீடு தள்ளி இருப்பவள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் சிங்கப்பூரில். தேங்காய்ப்பால் சோற்றை வாழையிலையில் கட்டி, காலையில் பாசார் சந்தையில் நாசி லெமாக் விற்பாள். நான் ஒருமுறை மழையில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து இடது முட்டியை உடைத்துக்கொண்டபோது, இரண்டு மாதம் என்னைக் குளிப்பாட்டியதும் கழிவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனதும் அவள்தான். வலியில் நான் வாய்விட்டு அழுததை அவள் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். கடைசியாக மருத்துவமனைக்குப் போனபோதும் கூட வந்திருந்தாள். "முட்டி நல்லா ஆயிருச்சு. ஓடலாம், ஆடலாம்" என்று டாக்டர் சொன்னதை என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள்.

"அப்ப ஆடித்தான் பார்ப்போமே லா" என்று வெளியே வந்ததும் சிரித்தாள். அப்படித்தான் நாங்கள் நடன வகுப்பில் சேர்ந்தோம்.

ஞாயிறு பூசைக்கு நாங்கள் போகும் கோயிலின் மண்டபத்தில் சனிக்கிழமை மதியங்களில் வகுப்பு. முன்பு ஹோட்டல்களில் மேற்கத்திய நடனம் ஆடிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி நடத்தினார். எல்லோரும் அவரை டீச்சர் என்போம். எட்டுப் பெண்கள். முதல் மாதம் நடனமே இல்லை, பாவாடைதான். ஒடுக்கமான கதவில் ஒரு பக்கத்தை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு சாய்வாக நுழைவது. உட்காரும்போது பின்பக்கத்தைப் புறங்கையால் ஒதுக்கி, நாற்காலியின் விளிம்பில் அமர்வது. காரில் முதலில் உட்கார்ந்து, துணியை மடியில் சேர்த்து, பிறகு கால்களை உள்ளே எடுப்பது.

"பாவாடைய இழுத்துக்கிட்டுப் போகாதீங்க. நீங்க திரும்புங்க, அது பின்னாலயே வரும். அது வந்து அடங்கினப்பறம் அடுத்த அடி வைங்க" என்பார் டீச்சர்.

எனக்கு அது எப்படியோ பிடிபட்டது. உடம்பைப் பற்றி வாழ்நாள் முழுக்கக் கூச்சப்பட்டவள் நான். ஆனால் இடுப்புக்குக் கீழே அவ்வளவு துணி சுழன்று என் பின்னால் வந்து நிற்பதை உணர்ந்தபோது, அந்த மண்டபத்தில் எனக்கென்று ஓர் இடம் இருப்பது போலிருந்தது. அக்காவுக்கு அது வரவில்லை. அவசரக்காரி. பாவாடை வந்து சேர்வதற்குள் அடுத்த பக்கம் திரும்பியிருப்பாள்.

கோயில் ஆண்டு விழாவின் மதிய விருந்தில் எங்கள் நடனம் என்று முடிவானது. ஏழு பேர் நீலப் பாவாடையில் அரைவட்டமாக நிற்க, ஒருத்தி மட்டும் வெள்ளைப் பாவாடையில் மேடைப் படிகளில் தனியாக இறங்கி வந்து நடுவில் ஆட வேண்டும். டீச்சர் என்னைக் காட்டி, "நீங்கதான்" என்றார்.

அன்று சாயங்காலமே அக்காவும் நானும் சூலியா தெருப் பக்கம் போய் வெள்ளைத் துணியும் நெட்டும் வாங்கினோம். வீட்டில் தையல் மிஷின் இருந்ததால் நானே தைத்தேன். உள்பாவாடைக்கு மூன்று அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் மேலே இருப்பதைவிட இருமடங்கு சுற்றளவு. நெட்டின் விளிம்பு தொடையைக் கீறாமல் இருக்க உள்ளே பருத்தித் துணி. வெளியே எட்டிப் பார்க்காமல் இருக்க மேல்பாவாடையைவிட இரண்டு விரற்கடை குட்டை. அலுவலகம் விட்டு வந்து ஐந்து நாள் தைத்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து சுருக்கம் பிடித்துக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "ஒரு சின்ன மாத்தம். நடுவுல அக்கா ஆடுவாங்க. நீங்க உடுப்பு மாத்துற ரூம்ல எல்லாருக்கும் ஒத்தாசையா இருங்க."

பின்வரிசையில்கூட எனக்கு இடமில்லை. ஏன் என்று கேட்கவும் வாய் வரவில்லை. ஏதோ குறை இருக்கிறது, சொல்லச் சங்கடப்படுகிறார் என்று நினைத்தேன். தொடர்ந்து மூன்று வாரம், குளியலறைக் கண்ணாடியில் என்னையே பார்த்து அந்தக் குறையைத் தேடினேன். உயரமா, வயதா, நிறமா. அக்கா தினமும் என் வீட்டுக்கு வந்தாள். "விடு லா. எனக்கே கஷ்டமா இருக்கு. டீச்சர் ஒரு மாதிரி ஆளு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று முதுகைத் தடவினாள். ஒருநாள் அவள் மடியில் தலைவைத்து அழுதேன்.

வெள்ளைப் பாவாடையை அவளுக்காகப் பிரித்துத் தைத்ததும் நான்தான். அவள் இடுப்பு பெரியது. பட்டியைப் பிரித்து, இரண்டு பக்கமும் துணி சேர்த்தேன். நான் அளவெடுத்தபோது அவள் கைகளைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். "நீதான் தங்கம்" என்றாள்.

விழா நாள். உடுப்பு மாற்றும் அறையில் ஆறு பேருக்குக் கொக்கி மாட்டி முடித்து, முட்டி போட்டு ஒரு பாவாடையின் கீழ் ஓரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். டீச்சர் உள்ளே வந்து பதறிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஐயோ, முட்டி போடாதீங்க! உங்க காலுக்கு ஆகாதில்ல."

"என் காலுக்கு என்ன டீச்சர்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியும்மா. அக்கா வந்து அழுதாங்க. முட்டி திரும்பவும் மோசமாயிருச்சு, ஆடுனா நடக்கவே முடியாம போயிரும்னு டாக்டர் சொன்னாராம். உங்ககிட்ட கேட்டா வீம்புக்கு இல்லன்னு சொல்வீங்களாம். அதனால நான் கேட்கவே கூடாதுன்னு கையப் புடிச்சு கேட்டுக்கிட்டாங்க. உங்க அடியெல்லாம் தனக்குத் தெரியும், உங்க இடத்துல தானே ஆடுறேன்னாங்க."

அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கோபம் உடனே வரவில்லை. மாதக்கணக்காகப் பூட்டியிருந்த வீட்டுக்குள் யாரோ நடமாடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது போல ஒரு பயம்தான் முதலில் வந்தது. என்னைக் குளிப்பாட்டிய கை, என்னைப் பற்றித் தெரிந்ததை எடுத்துக்கொண்டுபோய் இப்படிச் செலவழித்திருக்கிறது.

எழுந்து, திரைக்குப் பின்னால் போனேன். அக்கா வெள்ளைப் பாவாடையை இடுப்பில் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

"எங்க போன? சீக்கிரம் கட்டு லா."

"என் முட்டிக்கு என்னக்கா?"

அவள் முகத்தில் இருந்த பவுடருக்கு அடியில் நிறம் மாறியதைப் பார்த்தேன். மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"ஐம்பது வயசாச்சு எனக்கு" என்றாள். "ஒரு தடவகூட யாரும் என்னைத் தனியாப் பார்த்ததில்ல. கோயில் பவனியில நடந்ததுகூட கூட்டத்தோடதான். உனக்கு வயசிருக்கு, அடுத்த வருஷமும் உன்னத்தான் கூப்பிடுவாங்க."

"எங்கிட்ட கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேக்கா."

"கேட்டு வாங்குறது வேற."

வெளியே மைக்கில் எங்கள் நடனத்தை அறிவித்தார்கள். அவள் கண்ணில் நீர் நின்றது. மை கரையும் என்று அண்ணாந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டாள். நாடா என் கையில் இருந்தது. தளர்வாக முடிச்சிட்டால் மூன்றாவது சுற்றில் அவிழ்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்; மூச்சைப் பிடித்துக்கொண்டு என் விரல்களையே பார்த்தாள். இரட்டை முடிச்சாகக் கட்டினேன். அவள்மேல் இரக்கப்பட்டு அல்ல. அது நான் தைத்த பாவாடை. கூட்டத்தின் நடுவில் அது விழுவதை என்னால் பார்க்க முடியாது.

மண்டபத்தின் பின்சுவரோரம் நின்று பார்த்தேன். படியிறங்கும்போது அவள் மேல்பாவாடையை மட்டும் பிடித்திருந்தாள். விழப்போகிறாள் என்று நினைத்தேன். விழட்டும் என்றும் நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அவள் விழவில்லை. நடுவில் வந்து சுழன்றாள். அன்று மட்டும் அவசரப்படவில்லை. பாவாடை விரிந்து, அவளைச் சுற்றி வந்து, அடங்கியது. பிரியாணித் தட்டுகளை அப்படியே வைத்துவிட்டுச் சனம் கைதட்டியது. நான் தட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குச் சீக்கிரமே போய், டீச்சரின் முன்னால் மேடைப் படிகளில் ஏழுமுறை ஏறி இறங்கிக் காட்டினேன். புரிந்துகொண்ட டீச்சர் வாயில் கைவைத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை உங்ககிட்ட கேட்டிருக்கணும் நான்" என்று பலமுறை மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அக்கா அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. வெள்ளைப் பாவாடையைத் துவைத்து மடித்து, ஒரு பையில் போட்டு என் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். அதன் இடுப்பை மறுபடி என் அளவுக்குச் சிறிதாக்க எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

நானும் அவளும் இன்னும் ஒரே மாடியில்தான் இருக்கிறோம். போன வாரம் லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். அவள் கையில் வாழையிலைக் கட்டு.

"இன்னும் போறியா?" என்றாள்.

"போறேன்."

"நல்லது" என்றாள். நான் 'நீங்களும் வாங்களேன்' என்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போலும். மூன்றாவது மாடியிலிருந்து ஆறாவது மாடிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது. இலைக்கட்டோடு அவள் வெளியேற வழிவிட்டு நின்றேன்.