அப்பா பொறுக்கிய அரிசி

அப்பா வாயைத் திறக்க மறுத்தார். ஆண்டவர் எங்களுக்குச் செய்ததைப் பற்றிய என் சாட்சி அங்கேதான் தொடங்குகிறது.

போன ஜூலையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புறக்கோட்டை அரிசிக் கடையொன்றில் முதுகில் மூட்டையோடு விழுந்தார். பாரிசவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. முப்பது வருடமாக அங்கே மூட்டை சுமந்த நாட்டாமி அவர். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, மூக்கில் குழாயோடு மட்டக்குளியில் எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு வந்தார். அவரால் விழுங்க முடியும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு வாரத்தில் கிளினிக். அதற்குள் கரண்டியால் ஊட்டிப் பழக்க வேண்டும். வாயால் சாப்பிடாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டிவரும்.

சூப் வைத்தோம். கஸ்டர்ட் செய்தோம். வாழைப்பழத்தைப் பிசைந்து கொடுத்தோம். கரண்டி கிட்டே வந்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

நான் அழவில்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன். குழாயைக் கழுவினேன். துணி மாற்றினேன். வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் ஆபீசில் சம்பளமில்லாத லீவு கேட்டு மெயில் அனுப்பினேன். எல்லாவற்றையும் கைகள் செய்தன. ஜெபமும் அப்படித்தான். "ஆண்டவரே, அப்பா வாயைத் திறக்க வேண்டும்." பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிப்பதுபோல் காலையும் மாலையும் அந்த ஒரு வரியைச் சொன்னேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

நடந்தது விளங்க வேண்டுமென்றால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அம்மா இன்றும் கைநாட்டுத்தான். கொட்டாஞ்சேனையில் எங்கள் சபையில் ஞாயிறு அறிவிப்புகளை நான்தான் வாசிப்பேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, இப்போதும் உண்டு. மாதாமாதம் வாசிக்கும் அறிவிப்புகளில் ஒன்று கைப்பிடி அரிசி. வேறு சபையாருக்குத் தெரியாமல் இருக்கலாம். உலை வைக்கும்போதெல்லாம் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போட்டு வைப்போம். மாத முதல் ஞாயிறு எல்லோருடையதையும் ஒரே பேசினில் கொட்டுவோம். யார் எதைக் கொடுத்தார் என்று தெரியாது. பிறகு அதைப் பைகளில் போட்டு, அரிசிக்கு வழியில்லாத வீடுகளுக்குக் கொடுப்போம்.

நான் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு எங்கள் வீட்டில் விலை கூடிய, பொடி மணி கீரிச் சம்பா அரிசிதான். அதில் பிடி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மாதக் கடைசியில் கடையில் ஆக மலிவான குறுணலை வாங்கி டின்னை நிரப்பிவிடுவேன். சில நேரம் வண்டும் சேர்ந்து போகும்.

"நாம திங்காதத ஆண்டவருக்குக் குடுக்கலாமா புள்ள?" என்று அம்மா ஒருமுறை கேட்டார்.

"ஆண்டவரா திங்கப்போறாரு?" என்றேன். இரண்டு வருடம் அப்படியே நடந்தது.

கிளினிக்குக்கு நான்கு நாள் இருந்தது. சபையில் பைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் செல்வி அக்கா எங்கள் வாசலில் நின்றார். அந்த மாதப் பட்டியலில் எங்கள் வீடும் இருந்திருக்கிறது.

"வேணாம்க்கா. வேற யாருக்காவது குடுங்க."

"ஏன், உங்க வீட்ல உலை வைக்கிறதில்லையா? மூணு மாடி ஏறி வந்திருக்கேன். திரும்பச் சுமந்துட்டு எறங்க எனக்கென்ன உங்கப்பா முதுகா இருக்கு?"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பா தலையைத் திருப்பினார்.

அம்மா பையை வாங்கி, கட்டில் ஓரத்தில் வைத்த சுளகில் கொட்டினார். சிவப்புப் பச்சரிசி, நாட்டரிசி, சம்பா எல்லாம் கலந்திருந்தது. அதைச் சோறாக்க முடியாது. சிவப்பு வேகுமுன் சம்பா குழைந்துவிடும். கஞ்சிதான் வைக்கலாம். அம்மா தண்ணீர் வைக்கப் போனார்.

அப்பாவின் இடது கை சுளகுக்குள் போனது. விரல்களால் தேய்த்துப் பார்த்தார். சிவப்பை ஒரு பக்கம் ஒதுக்கினார், நாட்டரிசியை இன்னொரு பக்கம். பிறகு சின்ன, உருண்ட அரிசி கொஞ்சத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அவர் வாய் திறந்தது.

"கீ... ரி."

விழுந்த நாளிலிருந்து அதுதான் முதல் சொல்.

"ஆமாங்க, கீரிதான்," என்றார் அம்மா, அடுப்படியில் நின்றபடி. யாரோ தாங்கள் சாப்பிடும் அரிசியில் ஒரு பிடி எடுத்திருக்கிறார்கள்.

அப்பா மறுபடி குனிந்தார். உடைந்து மஞ்சளித்த குறுணலைப் பெருவிரலால் ஓரத்துக்குத் தள்ளினார். ஒரு வண்டு ஊர்ந்தது. கடையில் கெட்ட மூட்டையைப் பார்ப்பதுபோல் முகத்தைச் சுளித்தார்.

"நான் குடுக்கிறதும் அதுதாம்ப்பா," என்றேன்.

அந்த மாதம் நான் ஒன்றும் கொடுத்திருக்கவில்லை. என்னைப்போல் இன்னொருவர் சபையில் இருந்திருக்கிறார். இருந்தாலும் அது என்னுடையதுதான்.

அப்பா ஒதுக்கிய குறுணலை எறிந்துவிட்டு, மற்றதை அம்மா நன்றாக வேகவைத்து, மசித்து, வடித்தார். தாதி காட்டித் தந்தபடி அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்தேன். கரண்டியைக் கிட்டே கொண்டுபோனேன். அவர் மணந்து பார்த்தார். வாயைத் திறந்தார். எட்டுக் கரண்டி.

அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. பசி வந்தது. அந்த ஒரு மாதத்துக்கு மேலான நாட்களில் முதல்முறையாக எனக்குப் பசித்தது. சட்டியில் மிஞ்சிய கஞ்சியை நின்றபடியே குடித்தேன். ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று அந்தக் கஞ்சி தொண்டையில் இறங்கும்போது தெரிந்தது.

நாளுக்கு நாள் கரண்டிகள் கூடின. கிளினிக்கில் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்கள். அந்த வாரம் முடிந்ததும் குழாயை எடுத்துவிட்டார்கள். துளை போடவில்லை. ஸ்தோத்திரம்.

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அப்பா கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறார். உலை வைக்குமுன் அம்மா அரிசிப் பாத்திரத்தை அவரிடம் கொண்டுபோவார். அவர் இடது கையால் கீரிச் சம்பாவில் ஒரு பிடி எடுத்து டின்னில் போடுவார். மூட்டை தூக்கிய கை, பிடியும் பெரியது. சில நாள் எங்களுக்குச் சோறு குறைகிறது.

ஜெபிக்கும்போது ஒன்றும் உணராதவர்கள் இதை வாசித்தால், அந்த ஒரு வரியை நிறுத்தாதீர்கள். மரத்துப்போன வாயால் சொன்னாலும் அவர் கேட்கிறார். நாளைக்கு உலை வைக்கும்போது, நீங்கள் சாப்பிடப்போகும் அரிசியிலேயே ஒரு பிடி எடுத்து வையுங்கள். அது போய்ச் சேரும் வீட்டில் யார் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.