மேலே பத்துக் கிலோமீற்றர்

கட்டாரிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் நாலரை மணித்தியாலம். கொழும்பிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில், சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வந்து சேர ஒரு முழுப் பகல் போய்விடும். "பாத்தியா, கொழும்பவிட நான் கிட்டத்தான் இருக்கன்" என்பார் என் கணவர் தொலைபேசியில். கொழும்பில் இறங்கிய பிறகும் அதே பஸ்ஸில்தானே வரவேண்டும் என்று கேட்டால் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஊரில் மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் பொறுப்பு. வாப்பா கட்டித் தந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. இன்னொன்று கட்ட அவரிடம் வலு இல்லை. கடலை விட்டுத் தள்ளி, வயல் பக்கம் வீடு கட்டத்தான் இவர் கட்டாருக்குப் போனார். அப்போது நான் மாசமாக இருந்தேன். மகளைப் படத்தில் மட்டும்தான் கண்டிருந்தார். வீடு முடியாமல் வருவதில்லை என்று ஒரே பிடிவாதம்.

மகளுக்கு இரண்டு வயதானபோது ஒரு நாள் தொலைபேசி எடுத்தார்.

"முதலாளிர வாப்பாவ வைத்தியத்துக்கு மலேசியாவுக்குக் கொண்டு போறாங்க. சக்கர நாற்காலி தள்ள என்னையும் கூப்பிட்டிருக்காங்க. விமானம் நம்மட ஊருக்கு மேலாலதான் போகுமாம், புள்ள. நாளைக்குப் பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி. மகளத் தூக்கிட்டு மேல ஏறி நில்லு."

"மேலால போறவருக்கு இறங்கிட்டுப் போக ஏலாதா?" என்று கேட்டேன்.

கோபமாகத்தான் இருந்தேன். ஆனாலும் மறுநாள் மதியம் லுஹர் தொழுததும் மகளுக்கு அவர் அனுப்பிய சட்டையை உடுத்தினேன். நானும் நல்ல சேலை கட்டிக்கொண்டேன். பாதி கட்டிய வீட்டின் கொங்கிறீற் தட்டில் ஏறி நின்றோம். வானத்தில் சத்தம் கேட்டால் குண்டு போடும் கிபிர் என்று பயந்த காலம் அது. பக்கத்து வீட்டு மாமி முற்றத்திலிருந்து கத்தினார்.

"புள்ளையையும் வெச்சிக்கிட்டு அங்க என்ன செய்றா? இறங்கு, கிபிர் போகுது!"

"கிபிர் இல்ல மாமி, இவர் போறார்."

மேகத்துக்கிடையே வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. "வாப்பா போறார், ஸலாம் சொல்லுங்க மகள்" என்றேன். அவள் இரண்டு கையையும் ஆட்டினாள். கோடு கடல் பக்கம் போய்க் கரையும் வரை நான் அழுதுகொண்டே நின்றேன்.

மலேசியாவிலிருந்து எடுத்தார். "கீழ ஒரே மேகம், ஒண்டும் தெரியல்ல. பத்துக் கிலோமீற்றர் உயரம் எண்டு திரையில காட்டிச்சி. நம்மட வீட்டுல இருந்து சம்மாந்துறைக்குப் போற தூரம்தான் புள்ள." சம்மாந்துறையில் அவர் இருந்திருந்தால் நான் வெறுங்காலோடு நடந்தே போயிருப்பேன்.

அதன் பிறகு எந்த விமானத்தைக் கண்டாலும் மகள் ஸலாம் சொல்வாள். நானும் திருத்தாமல் விட்டுவிட்டேன்.

யுத்தம் முடிந்த பிறகுதான் வீடு முடிந்தது, அவரும் வந்தார். வேனிலிருந்து இறங்கி, பெட்டியோடு வாசலில் நின்றார். மகள் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"மகள், என்னத் தெரியுமா? நான் விமானத்தில வந்த."

அவள் மெல்லத் தலையை நீட்டினாள்.

"அப்ப எங்கட வாப்பாவ மேல கண்டீங்களா?"

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் குந்தினார்.

"ஓம் மகள், கண்ட. இறங்க ஏலாம நிண்டவர்."