தலைமாட்டில் பாக்குவெட்டி

பிள்ளையோடு வீட்டுக்கு வந்த அன்றே உம்மா என் தலைமாட்டில் பாக்குவெட்டியை வைத்துவிட்டார். நாற்பது நாள் முடியும்வரை தாய்க்கும் பிள்ளைக்கும் பக்கத்தில் இரும்பு இருந்தால் ஜின், பேய் என்று கெட்டது எதுவும் அண்டாது. கல்முனையில் எங்கள் ஒழுங்கையில் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாம் கிழமை, பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்த இரும்பின் மேல் என் கண் போனது. கூடவே ஒரு நினைப்பு வந்தது. மகளின் விரலையும் அதையும் சேர்த்து வந்த நினைப்பு. அதற்கு மேல் எழுத இன்றும் எனக்கு மனமில்லை. நானா? இந்தப் பிள்ளைக்காக எத்தனை வருடம் அல்லாஹ்விடம் துஆக் கேட்டவள் நான்!

பாக்குவெட்டியை அரிசி வாளிக்குள் ஒளித்தேன். உம்மா தேடி எடுத்துத் திரும்பவும் வைத்தார். அலுமாரிக்கு மேல் போட்டேன். வெற்றிலை போடுகிறவரிடம் பாக்குவெட்டியை ஒளிக்க முடியுமா? அதையும் கண்டுபிடித்தார். பிள்ளையைத் தூக்கவே பயந்தேன். சாப்பாடு இறங்கவில்லை, நித்திரை இல்லை. வீடு நிறையச் சாச்சிமாரும் மாமிமாரும் இருந்தார்கள். பிள்ளை பெற்ற உடம்பு, சரியாகிவிடும் என்றார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பிள்ளையை நிறுக்க வந்த மிட்வைஃப் (வீடு தேடி வரும் குடும்பநல மாது), நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டார். வழக்கம்போல உம்மாதான் பதில் சொன்னார், நல்லா இருக்கிறாள் என்று. மிட்வைஃப் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"உம்மா, அந்தப் பாக்குவெட்டிய எடுத்திருங்க. ஜின்னுக்கு எனக்குப் பயமில்ல. என்ட கைக்குத்தான் பயமா இரிக்கி."

உம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். மிட்வைஃப் பதறவில்லை. அடுத்த நாளே எங்களை ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினார்.

பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு (பிள்ளை பெற்ற தாய்க்கு வரும், குணமாக்கக்கூடிய நோய்) என்றார் டொக்டர். என்னை மிரட்டியவை ஊடுருவும் எண்ணங்களாம் (நாம் விரும்பாமலே மனதுக்குள் நுழைபவை).

"நினைப்பு வேற, செய்யிறது வேற. பிள்ளைக்கு ஒண்டும் ஆகக்கூடாதெண்டுதானே ஒளிச்சீங்க?"

அன்றுதான் அழுதேன். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மாத்திரை தந்தார். கொஞ்ச நாளைக்கு என்னைத் தனியே விட வேண்டாம் என்று உம்மாவிடம் சொன்னார்.

கிளினிக்கில் தாய்மார் கூட்டமும் நடக்கும். அங்கே சாய்ந்தமருதுப் பெண் ஒருத்தி, பிள்ளையோடு கிணற்றடிக்குப் போகவே பயம் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உலகத்திலேயே இப்படி நான் ஒருத்திதான் என்றல்லவா இருந்தேன்! இதை வாசிக்கும் உங்களுக்கும் அப்படித் தோன்றினால், வீட்டுக்கு வருகிற மிட்வைஃபிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்களுக்காக வேறு யாரும் பதில் சொல்ல விடாதீர்கள்.

உம்மா பாக்குவெட்டியைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு வாய் வெற்றிலைக்கும் அங்கே நடந்தார். மாமியோ தினமும் சமையலை முடித்துவிட்டு வந்து என்னோடு இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மட்டும் என் கையையும் பிடித்துத் தண்ணீருக்குள் வைப்பார்.

மகள் தவழத் தொடங்கிய பிறகு ஒருநாள் நானே போய்ப் பாக்குவெட்டியை வாங்கி வந்தேன். மகளை மடியில் வைத்திருந்த உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பாக்கு வெட்டினேன். உம்மா பாக்கைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். பிறகு பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, வெற்றிலை எடுக்க எழும்பி உள்ளே போய்விட்டார்.

பாக்குவெட்டி பக்கத்திலேயே கிடந்தது. பல் முளைக்கிற வாயால் மகள் என் விரலைக் கடித்தாள். நன்றாக நொந்தது. ஊருக்கு என் நாற்பது எப்போதோ முடிந்திருந்தது. எனக்கு அன்றைக்குத்தான் முடிந்தது.