குளிர்ந்த மூட்டை பேசாது

ராயபுரம் கிடங்குக்கு வரும் ரங்கூன் அரிசி மூட்டைகளில் காதை வைத்து, உள்ளே வண்டு அரிக்கிறதா என்று கேட்டுச் சொல்வதுதான் என் வேலை. சாக்கு நார் குத்திக் குத்திக் காதுமடல் தடித்துப்போன கஷ்டம், உடம்பில் ஏதோ ஓர் உறுப்பை நம்பிப் பிழைத்த உங்களுக்கும் புரியும்.

கஞ்சி வேளை

ரயில் சத்தத்திலும் வண்டிக்காரர் கூச்சலிலும் ஒன்றும் கேட்காது. கூலிகள் கஞ்சி குடிக்கும் அரை மணிதான் எனக்கு வாய்த்த நேரம். மூச்சை அடக்கிக் கேட்டால், காகிதத்தை நகத்தால் சுரண்டுவதுபோல் மெல்ல வரும். அந்த மூட்டையில் கரிக்கோடு போடுவேன். அப்படி நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, மூட்டை தூக்கும் மாரி கேட்டான்: "இன்னா நைனா, எத்தினி மாசமாம்?"

இரண்டு பானை

யாரும் எனக்கு இதைக் கற்றுத் தரவில்லை. வீட்டில் காராமணிப் பானைகளில் காதை வைத்துப் பழகினேன். ஒரு பானை இரைந்தது. இன்னொன்றில் சத்தமே இல்லை. திறந்தால் இரண்டிலும் வண்டு. என் மனைவி அப்போது உயிரோடிருந்தாள். எட்டிப் பார்த்துச் சிரித்தாள்: "அடுப்புச் சூடு பட்டாத்தான் அதுங்க வாயத் தொறக்கும், செவுத்தோரம் சில்லுன்னு வச்சா ஊமையா கீதுங்க."

கார்த்திகைச் சரக்கு

மழை விட்ட ஒரு கார்த்திகைக் காலையில் கப்பல் சரக்கு வந்தது. மூட்டைகள் சில்லென்றிருந்தன. ஒரு நாள் வெயில் படட்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். முதலாளி அவசரப்பட்டார். காதை வைத்தேன், சத்தமில்லை. நல்ல சரக்கு என்று சொல்லிவிட்டேன்.

பங்குனியில் பிரித்தபோது பாதி மாவு. கிடங்கைச் சுத்தமாக வைக்கவில்லை என்று கிடங்குக் காவலர் அந்தோணியை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். தினம் இரண்டு முறை தரையைப் பெருக்கிய மனிதர். பக்கத்தில் நின்றிருந்த நான், என் வேலை போய்விடும் என்று பேசாமல் இருந்தேன். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "நீயே காது வச்சு நல்ல சரக்குன்ன மாமு, அப்ப என் கையிலதான் எங்கியோ தப்பு நடந்து கீது."

சூடு பட்டதும் வண்டுகூட வாயைத் திறந்துவிடுகிறது. எனக்கு அதற்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.