கழுவி வந்த மூடி

கம்பெனியில் மாற்றம் கொண்டுவரும் வேலையில் ஒரு சௌகரியம், கேன்டீனில் பக்கத்து நாற்காலி எப்போதும் காலிதான். உங்களுக்கும் அதே வேலையா? வாங்க, உட்காருங்க, இடம் நிறைய இருக்கிறது.

மறைமலை நகரில் கார் பாகம் செய்யும் கம்பெனி எங்களுடையது. பதினோரு வருஷம் செக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். வசந்தாவும் நானும் ஒரே மேஜை. டிபன் பாக்ஸ் மூடியில் ஒருத்திக்கொருத்தி பங்கு வைப்போம். வாங்கிய மூடியை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்களுக்குள் வழக்கமே இல்லை. "நீ சொன்னா எல்லாரும் கேப்பாங்கம்மா" என்று மேலதிகாரி என்னை இந்தப் பதவியில் உட்கார வைத்தார்.

பஸ்ஸில் ஒரு சீட்

நான் செய்த முதல் மாற்றம், பேப்பர் ரிஜிஸ்டருக்குப் பதில் டேப்லெட். வசந்தாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதற்கு இனி வேலை இல்லை என்று மீட்டிங்கில் நானேதான் சொன்னேன்.

சாயங்காலம் தாம்பரம் போகும் கம்பெனி பஸ்ஸில் வழக்கம்போல எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். அப்பாடா என்றிருந்தது. சீட்டில் போட்டிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதுவரை என்னை 'அடியே' என்று மட்டுமே கூப்பிட்டவள் சொன்னாள்: "உக்காருங்க மேடம்."

மனம் திறந்து பேசுங்கள்

ஸ்டோர், செக்கிங், பேக்கிங் ஆட்களை வட்டமாக உட்கார வைத்து, "பயப்படாம குறையைச் சொல்லுங்க" என்றேன். இருபது நிமிஷம் மின்விசிறி மட்டும்தான் பேசியது. கடைசியில் ஸ்டோர் குப்பண்ணன் பாவப்பட்டு வாயைத் திறந்தார்: "கொறை ஒண்ணும் இல்லம்மா. டீதான் ஆறிக்கினு கீது."

எல்லோருக்கும் பிடித்த மாற்றம்

சும்மா சொல்லக்கூடாது, ஒன்று மட்டும் நன்றாகவே நடந்தது. கேன்டீன் வரிசை வாசல்வரை நிற்குமே, அதற்காக செக்‌ஷன் வாரியாகச் சாப்பாட்டு நேரத்தைப் பிரித்தேன். தள்ளுமுள்ளு போயே போய்விட்டது. முதல் நாளே வசந்தாவுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலோடு செக்கிங் பேட்ச் நேரத்தில் போய் நின்றேன். பரிமாறும் ரமணி அக்கா பட்டியலை இரண்டு முறை பார்த்தார்: "உங்க பேரு எந்த பேட்ச்லயும் இல்லியே மேடம். லிஸ்ட் போட்டது யாரு?"

நான்தான். எல்லா செக்‌ஷனையும் எழுதினேன். எனக்கென்று செக்‌ஷன் இல்லாததே மறந்துபோயிருக்கிறது.

வறுவல்

வசந்தா எழுந்து வந்தாள். கூப்பிடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க உக்காந்தா, பேசறது மேல போயிடுமோன்னு எல்லாரும் வாயை மூடிக்கறாங்க. நாங்க முடிச்சதும் வாங்களேன்" என்றாள். வறுவலை மூடியில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மூடி என் மேஜைக்கு வந்தது. பளபளவென்று கழுவியிருந்தாள். உள்ளே ஒரு துண்டு ஊறுகாய்கூட இல்லை. "வறுவல் நல்லா இருந்துச்சு மேடம்."

எதையும் மாற்றலாம் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற எனக்கு, அந்த 'மேடத்தை' மறுபடி 'அடியே' ஆக்க மட்டும் வழி தெரியவில்லை.