அவர் ஓடவில்லை

"மர்மம்" என்ற சொல்லை நான் எத்தனை ஆயிரம் முறை உச்சரித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதுதான் என் வேலை. வடக்கே எங்கேயோ தயாராகும் சரித்திர ஆவணப்படங்களுக்குத் தமிழில் பின்னணிக் குரல் கொடுக்கிறேன். பெருங்களத்தூரில் ரயில் ஏறி, கோடம்பாக்கத்தில் இறங்கி, ஒலிப்பதிவுக் கூடத்தின் குளிரில் உட்கார்ந்து, "இதைக் கட்டியது மனிதர்கள்தானா?" என்று அடிவயிற்றிலிருந்து கேட்டுவிட்டு வருவேன். மனிதர்கள்தான் கட்டினார்கள். கல் சுமந்தார்கள், முதுகு ஒடிந்தார்கள், கட்டினார்கள். அதைச் சொன்னால் அரை நிமிடத்தில் நிகழ்ச்சி முடிந்துவிடும் என்பதால் ஒரு மணி நேரம் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருப்போம். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு என்பார்கள். கேட்பவன் கிடக்கட்டும். சொல்கிறவன் நான்தானே, என் மதி எங்கே போச்சு?

சர்ச்சில் நான் வேதபாடம் வாசித்ததைக் கேட்ட ஒருவர்தான் பல வருஷங்களுக்கு முன்னால் என்னை இந்த வேலைக்கு இழுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சத்தியம், மற்ற நாளில் இது என்று என் மனைவி கிண்டல் செய்வாள். நானும் சிரித்துக்கொள்வேன். எகிப்தில் எவனோ பிரமிடுக்கு வேற்றுக்கிரகத்தானை முதலாளி ஆக்கினால் பெருங்களத்தூரில் யாருக்கு நஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பொக்லைன் ஓட்டுகிற ஒருவர் இருக்கிறார். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சார் என்பார். டிவியில் என் குரல் வந்தால் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வாராம். போன வருஷம் கோடையில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. "சார், நீங்க டிவில சொல்றீங்களே, அந்த மேட்டரு ஒண்ணு இங்க கீது. சீக்கிரம் வாங்க சார், இவனுங்க மூடச் சொல்றானுங்க."

மலையடிவாரத்தில் ஒரு அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நான் போனபோது வண்டி அணைந்து கிடந்தது. இவர் வண்டியின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளத்தின் ஓரத்தில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் நின்று சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். "பழைய தொட்டிய்யா அது, உடைச்சுத் தள்ளிட்டு வேலையப் பாரு." இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொட்டி மாதிரிதான் இருந்தது. சுட்ட மண்ணில் ஆள் நீளத்துக்கு ஒரு பேழை. பக்கவாட்டில் மண்ணைக் கையால் விலக்கியிருந்தார். குட்டி போட்ட பன்றியின் மடியைப் போல அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள் தெரிந்தன. உள்ளே மண் இறுகிக் கிடந்தது, அதில் ஒரு சின்னக் கலயத்தின் வாயும் எலும்பின் வெண்மையும். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் யாரையோ பாசத்தோடு படுக்க வைத்திருக்கிறார்கள்.

"எப்படிண்ணா கண்டுபிடிச்சீங்க?"

"சத்தம் சார். சரளைய நோண்டுனா ஒரு மாதிரி கரகரன்னும், பாறைன்னா கையில அடிக்கும். இது சோத்துச் சட்டிய சொரண்டுன மாதிரி கேட்டுச்சு. உடனே நிறுத்திட்டேன். அப்பவும் பக்கெட்டோட ஒரு பல்லு பட்டுடுச்சு சார்." பேழையின் விளிம்பில் விரல் அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதைக் காட்டிக் காட்டி வருத்தப்பட்டார்.

நான் தாலுகா ஆபீசுக்கு போன் செய்தேன். அவர்கள் வர மாலை நாலு மணி ஆனது. அதுவரை இந்த மனிதர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பில்டரே காரில் வந்து மிரட்டினார், பிறகு கெஞ்சினார். சாவி பையிலேயே இருந்தது. மறுநாள் தொல்லியல் துறையிலிருந்து வந்த அம்மா ஒருவர் அவர் கையைப் பிடித்து, "நீங்க நிறுத்தலைன்னா எங்களுக்கு வெறும் ஓடுதான் கிடைச்சிருக்கும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பில்டர் சும்மா விடவில்லை. அந்த சைட்டில் இவருக்கு வேலை போனது. வண்டலூர் வரைக்கும் இருக்கிற பில்டர்களிடமெல்லாம் "வேலையை நிறுத்தறவன், அவனைக் கூப்பிடாதே" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒரு நல்ல காரியம் செய்ததற்கு இந்தத் தண்டனை. எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்த வேகத்தில் ஒரு காரியம் செய்தேன். நான் குரல் கொடுக்கிற நிகழ்ச்சிக்கு இந்தப் பக்கம் படம் எடுத்துத் தருகிற தயாரிப்பாளரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இவர் செய்ததை ஊர் பார்த்தால் பில்டர் வாய் மூடும் என்பது என் கணக்கு. இவருக்கும் அதே நம்பிக்கை. "நான் பயந்து நிறுத்தல, தெரிஞ்சு நிறுத்துனேன்னு ஒரு தபா டிவில சொன்னா போதும் சார்" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்துப் படக்குழு வந்தது. பேழையைத் தொல்லியல் துறை எடுத்துப் போனபின் நிஜப் பள்ளத்தில் கான்கிரீட் போட்டாகிவிட்டது. பக்கத்துக் காலி மனையில் வேறொரு பள்ளம் தோண்டி, ஃபைபரில் செய்த பேழைக்குச் செங்காவி பூசி இறக்கினார்கள். இவர் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். அதைக் கழற்றச் சொல்லி ஒரு கிழிந்த பனியனும் அழுக்கு லுங்கியும் கொடுத்தார்கள். வாங்கி உடுத்திக்கொண்டார். புது இடத்தில் வண்டியை எடுக்கும் முன் வழக்கம்போல முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, குங்குமம் தடவி ஏற்றி நசுக்கினார். அவர்கள் அந்த நசுங்கிய பழத்தை ரொம்ப நேரம் படம் பிடித்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு அவரை ஓடச் சொன்னார்கள்.

"எதுக்கு சார் ஓடணும்? நான் குந்திகினுதானே இருந்தேன்?"

தயாரிப்பாளர் சிரித்தார். "சும்மா ஒரு மூவ்மென்ட்டுக்குண்ணா. வேற இடத்துல யூஸ் பண்ணிப்போம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓடுங்கண்ணா, டிவின்னா அப்படித்தான்" என்றேன். அனுபவசாலி அல்லவா நான். அவர் நான்கு முறை ஓடினார்.

ஒலிப்பதிவுக்குப் போனபோது கையில் வந்த பிரதியில் இப்படி எழுதியிருந்தது: "அந்த ஏழைத் தொழிலாளி அலறியடித்துக்கொண்டு ஓடினார். பள்ளத்தில் அவர் கண்டது என்ன?" அடுத்த பக்கத்தில் எலுமிச்சம்பழம். "இந்த ஈமக் குழிகளைச் சுற்றி இன்றும் ரகசியமாகப் பலிச் சடங்குகள் நடக்கின்றனவா?" புது ஸ்கூட்டர் வாங்குகிற ஒவ்வொரு குடும்பமும் ஷோரூம் வாசலில் செய்கிற ரகசியச் சடங்கு! பிரதியை மேசைமேல் அடித்துவிட்டுத் தயாரிப்பாளருக்கு போன் போட்டேன்.

"தம்பி, அவர் ஓடலை. ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதுதான் கதையே."

"சார், அவர் உட்கார்ந்தா ஆடியன்ஸ் எழுந்து போயிடுவாங்க சார். ஓடினாத்தான் உட்காருவாங்க. ஒண்ணு பண்ணுங்க, ரெண்டு வெர்ஷனும் பேசிடுங்க. எடிட்ல பாத்துக்கறோம்."

எடிட்டில் எதைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் இந்தச் சோற்றைத் தின்றவனுக்கு அதுகூடத் தெரியாதா? தெரியும். எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. இரண்டையும் பேசினேன். "ஓடினார்" என்பதைப் பேசியபோது என் குரல் தானாகவே ஒரு படி இறங்கி, மூச்சைப் பிடித்து, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தியது. பழக்கதோஷம். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பானது. பொக்லைன் அண்ணா வீட்டில் கல்யாண வீடு மாதிரி கூட்டம். அனகாபுத்தூரிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. அவர் மனைவி கேசரி கிளறியிருந்தார். ஒன்பதாவது படிக்கிற மகள் வகுப்புக் குரூப்பில் எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தாள். வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள்.

முதலில் புகை வந்தது. புகைக்குள்ளிருந்து கிழிந்த பனியனோடு அவர் ஓடிவந்தார். மெதுவாக, மறுபடியும் மறுபடியும், நான்கு ஓட்டத்தையும் ஒட்டவைத்து, வாயைப் பிளந்துகொண்டு. எங்கிருந்தோ எடுத்த ஓர் அலறலைப் பின்னால் சேர்த்திருந்தார்கள். என் குரல் அந்தச் சின்ன அறையில் கணீரென்று ஒலித்தது. சாவி இல்லை, சூப்பர்வைசர் இல்லை, நாலு மணி வரை உட்கார்ந்தது இல்லை. எலுமிச்சம்பழம் மட்டும் இரண்டு நிமிடம் வந்தது. அவரை ஒரு வார்த்தை பேசவிடவில்லை.

"இன்னா மாமா, இப்டி ஓடிக்கிற!" என்று மச்சான் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். மகள் மட்டும் போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் கேசரியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

தயாரிப்பாளரிடம் கத்தினேன். "உங்க வாய்ஸ் செம்ம சார், மேலிடத்துலயே பாராட்டினாங்க" என்றார். வாழ்க்கையில் யாரையும் திட்டாத வார்த்தையால் அவரைத் திட்டிவிட்டுப் போனை வைத்தேன். அந்த நிகழ்ச்சிக்கு இனி வர மாட்டேன் என்று எழுதியும் கொடுத்தேன். அவர்களுக்கு என்ன? மறுவாரமே இன்னொரு குரல் "மர்மம்" என்றது.

பில்டரின் ஆட்கள் அந்த ஓட்டத்தை வெட்டி எடுத்து எல்லா சைட்டுக்கும் அனுப்பினார்கள். பொணத்தைப் பார்த்து ஓடினவன் என்பதுதான் இப்போது அவருக்கு அடையாளம். ஒதுக்கி வைத்தவர்களே வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். எனக்கு நினைக்க நினைக்க ஆத்திரம் தீரவில்லை. அவர்கள் காட்டத் துடித்த அதிசயம் அந்தப் பள்ளத்தின் ஓரத்திலேயே சாவியோடு உட்கார்ந்திருந்தது. சம்பளத்தை இழந்து, மிரட்டலைக் கேட்டு, முன்பின் தெரியாத ஒரு பழைய மனிதனின் எலும்பைக் காத்துக்கொண்டு ஒருவன் ஏன் உட்கார்ந்திருந்தான் என்று எவனாவது ஒரு கேள்வி கேட்டானா?

நேற்றுக் காலை பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். அவர்தான் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

"போன வாரம் மண்ணிவாக்கம் தாண்டி ஒரு சைட்டு சார். நோண்டிகினு இருந்தேன். அதே சத்தம் கேட்டுச்சு."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "எங்கண்ணா? யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லல. நாலு பக்கெட்டுல வாரி லாரில கொட்டிட்டேன்." டீயைக் குடித்து முடித்தார். "நிறுத்தியிருந்தா திரும்ப உங்களத்தான சார் கூப்புடணும்?"